மாண்புமிகு சிவப்புக் கால்சட்டை

அரசாங்கம் ஒரு திட்டத்தைத் தொடங்குகிறது. தொடங்கிய காரணம் கொஞ்ச காலத்தில் செத்துப் போகிறது. அதற்குப் பிறகும் திட்டம் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும்? பிரெஞ்சு ராணுவத்தைக் கேட்டால் கணக்குச் சொல்லும். 1829இல் ஒரு ராஜாவின் உத்தரவில் அவர்களுடைய சிவப்புக் கால்சட்டை பிறந்தது. அடுத்த வருடமே அந்த ராஜா நாட்டைவிட்டு ஓடினார், கால்சட்டை இருந்தது. அவருக்குப் பின் வந்த ராஜாவும் 1848இல் ஓடினார், கால்சட்டை இருந்தது. ஒரு குடியரசு வந்து போனது, ஒரு பேரரசு வந்து போனது, இன்னொரு குடியரசு வந்து உட்கார்ந்தது. கால்சட்டை அசையவில்லை. 1914இல் முதல் உலகப் போர் வெடித்தபோது மற்ற பெரிய நாடுகளின் காலாட்படைகளெல்லாம் மண் நிறத்துக்கும் சாம்பல் நிறத்துக்கும் மாறி முடித்திருந்தன. பிரெஞ்சுக் காலாட்படை மட்டும் இடுப்புக்குக் கீழே பளிச்சென்ற சிவப்போடு எல்லையை நோக்கி நடந்தது.

இதை முட்டாள்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் முட்டாள்தனம் தனி ஆளாக 85 வருடம் தாக்குப்பிடிக்காது. அதற்குத் துணையாக விவசாயிகள் நலன் வேண்டும், வேதியியல் வேண்டும், நாடாளுமன்றத்தில் தொண்டை கிழியப் பேச ஆள் வேண்டும். இந்தக் கதையில் எல்லாம் உண்டு. போட்டுக்கொள்ளப் போகிறவனின் கருத்து மட்டும்தான் எங்கே தேடியும் கிடைக்காது.

சேற்றில் வெள்ளை

சிவப்புக்கு முந்தைய காலம் வெள்ளைக் காலம். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் காலாட்படைக்காரனுக்குப் பெரும்பாலும் முழங்காலோடு நின்றுவிடும் இறுக்கமான வெள்ளைச் சராய். அதற்குக் கீழே வரிசையாகப் பொத்தான் வைத்த கெய்ட்டர் என்ற கால் உறை. வெள்ளையைத் தேர்ந்தெடுத்ததில் போர்த் தந்திரம் எதுவும் இல்லை. சாயம் போடாத துணி மலிவு, அவ்வளவுதான். அரசாங்கம் மிச்சம் பிடித்த சாயக் காசைச் சிப்பாய் தன் தூக்கத்தைக் கொடுத்து அடைத்தான். வெள்ளைக் களிமண்ணைக் குழைத்துப் பூசி, உலர்த்தி, தேய்த்து, மறுநாள் காலை அணிவகுப்பில் நிற்க வேண்டும். சேற்றில் நடப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆளுக்கு வெள்ளை உடுப்பு கொடுக்கும் யோசனை, வாழ்நாளில் சேற்றில் இறங்காத ஒருவருக்குத்தான் வந்திருக்க முடியும்.

1789இல் புரட்சி வந்தது. முழங்கால் சராய் பிரபுக்களின் உடை என்று வெறுத்த, நீளக் கால்சட்டை போட்ட உழைப்பாளிகள் தெருவில் இறங்கினார்கள். கொஞ்ச நாளில் ராஜாவின் தலை போனது. சரி, அந்தப் புரட்சியைக் காப்பாற்றக் கிளம்பிய படைக்கு விதிப்படி எந்த உடுப்பு? அதே வெள்ளை முழங்கால் சராய். ராஜாவைக் கழற்ற முடிந்தவர்களால் ராஜாவின் சராயைக் கழற்ற முடியவில்லை.

நெப்போலியன் காலத்தில் சிக்கல் மேலங்கிக்கு வந்தது. அவருடைய சிப்பாய்களின் மேலங்கி நீலம். நீலம் என்றால் அவுரி. அவுரி வருவது கடல் கடந்து. கடலோ பிரிட்டிஷ் கப்பற்படையின் கையில். எதிரியின் கடலைத் தாண்டி வரும் சாயத்தை நம்பி உடுப்பு தைத்தால் என்ன ஆகும் என்பது அப்போதே தெரிந்துபோனது. 1806இல் சில படைப்பிரிவுகளுக்கு மேலங்கியையும் வெள்ளையாக்கிப் பார்த்தார்கள். 1807 பிப்ரவரியில் எய்லாவ் என்ற இடத்தில் பனியில் ஒரு பெருஞ்சண்டை நடந்தது. வெள்ளைத் துணியில் ரத்தம் பரவியிருந்த காட்சியைச் சக்கரவர்த்தியே சகிக்கவில்லை என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அந்த வருடமே வெள்ளை மேலங்கிக்கு மங்களம் பாடிவிட்டார்கள். ரத்தம் தெரியாத நிறம் வேண்டும் என்ற ஞானம் மட்டும் மிச்சம். தொலைவிலிருந்து ஆளே தெரியாத நிறம் வேண்டும் என்று தோன்ற இன்னும் ஒரு நூற்றாண்டு பாக்கி இருந்தது.

வேர் வாங்கிய ராஜா

இப்போது விவசாயம். தெற்கு பிரான்ஸில் அவின்யோன் நகரைச் சுற்றியுள்ள பகுதி வோக்ளூஸ். அங்கே 18ஆம் நூற்றாண்டில் ழான் அல்தென் என்ற ஆர்மீனியர் வந்து சேர்ந்தார். சாயத்துக்கான மஞ்சிட்டிப் பயிரை அங்கே பரப்பியவர் அவர்தான். நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டிக்கு இது ஐரோப்பியப் பங்காளி. இரண்டு மூன்று வருடம் மண்ணுக்குள் கிடந்து வேர் முற்ற வேண்டும். பிறகு தோண்டி, உலர்த்தி, இடித்துப் பொடியாக்கி, படிகாரம் ஏற்றிய கம்பளித் துணியில் காய்ச்சினால் அசையாத சிவப்பு. அல்தென் 1774இல் ஏழையாகச் செத்தார். பின்னால் அந்த ஊர்க்காரர்கள் பணக்காரர்களானதும் அவருக்குச் சிலை வைத்தார்கள், ஒரு கிராமத்துக்கு அவர் பெயரையும் சூட்டினார்கள். பசித்தபோது சோறு போடாமல் செத்த பிறகு மாலை போடுகிற வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமானதல்ல.

19ஆம் நூற்றாண்டில் மஞ்சிட்டிக்கு நிலையான வாடிக்கையாளர் தேவைப்பட்டார். வருடா வருடம் ஆயிரக்கணக்கில் துணி வாங்கி, வருடா வருடம் அதைக் கிழிக்கிற வாடிக்கையாளர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு: ராணுவம். பத்தாம் சார்லஸ் மன்னர் 1829 ஜூலையில் காலாட்படைக்குச் சிவப்புக் கால்சட்டை என்று உத்தரவு போட்டார். உள்நாட்டுப் பயிர், உள்நாட்டுச் சாயம், கடலை நம்ப வேண்டாம். காகிதத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாத கொள்முதல் திட்டம். விவசாயி மகிழ்ந்தான், வியாபாரி மகிழ்ந்தான், கருவூலம் தலையாட்டியது. அடுத்த ஜூலையில் பாரிஸ் மக்கள் தடுப்பரண் கட்டி மன்னரை விரட்டினார்கள். அவரிடம் பிடிக்காதது எத்தனையோ இருந்தது. அந்தப் பட்டியலில் கால்சட்டை இல்லை.

சிவப்புக் கால்களின் பொற்காலம்

நியாயமாகச் சொல்வதென்றால், அந்தக் காலத்தில் பளிச்சென்ற உடுப்புக்கு அர்த்தம் இருந்தது. துப்பாக்கியில் கரும்பொடி. நாலு முறை சுட்டால் களம் முழுக்கப் புகை. யார் நம்மாள், யார் எதிராளி என்று தளபதிக்கே தெரியாது. புகைக்குள் நிறம்தான் அடையாள அட்டை. துப்பாக்கியும் கிட்டத்தில் மட்டுமே குறி தவறாது. ஆகவே ஒளிவதற்கு அவசியமில்லை, ஒளிந்தால் நம்மாளே சுட்டுவிடுவான் என்ற பயம்தான் பெரிது.

1830இல் அல்ஜீரியாவைப் பிடிக்கப் போன பிரான்ஸ் அங்கிருந்து சுவாவ் என்ற படைவகையை உண்டாக்கியது. உள்ளூர் பாணியில் தொளதொள சிவப்புச் சராய், குட்டை மேல்சட்டை, குஞ்சம் வைத்த தொப்பி. 1854இல் கிரிமியப் போரில் பிரான்ஸும் பிரிட்டனும் ஒரே அணி. பிரிட்டிஷ்காரனுக்கு மேலே சிவப்பு, பிரெஞ்சுக்காரனுக்குக் கீழே சிவப்பு. இரண்டு பேரையும் சேர்த்தால் முழுச் சிவப்பாக ஒரு சிப்பாய் தேறுவான். பிரிட்டனின் 11ஆம் ஹுஸார் குதிரைப்படை கீழேயும் விட்டுவைக்கவில்லை. 1840இல் விக்டோரியா மகாராணியைக் கல்யாணம் செய்ய வந்த ஆல்பர்ட் இளவரசருக்குப் பாதுகாப்புக்குப் போன புண்ணியத்தில், அவர்களுக்குச் செக்கச் செவேலென்ற கால்சட்டை கிடைத்தது. கர்னல் கார்டிகன் பிரபு அதைத் தொடையோடு ஒட்டித் தைக்கச் சொல்லி, சொந்தப் பணத்தை அள்ளி இறைத்தார். அந்தக் கால்சட்டைகள் 1854 அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் ரஷ்யப் பீரங்கிகளை நேருக்கு நேர் பார்த்துப் பாய்ந்தன. தையலில் குறை இல்லை. உத்தரவில்தான் இருந்தது.

சுவாவ் மோகம் அட்லாண்டிக்கையும் தாண்டியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பிலும் சுவாவ் படைகள் கிளம்பின. 1862 ஆகஸ்ட் 30, இரண்டாம் புல் ரன் சண்டை. சிவப்புச் சராய் போட்ட 5ஆம் நியூயார்க் படைப்பிரிவு சுமார் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 300 பேரை இழந்தது. மறுநாள் அந்தச் சரிவைப் பார்த்த டெக்ஸஸ்காரர் ஒருவருக்கு, தன் ஊர்க் குன்றில் வசந்தத்தில் காட்டுப்பூ பூத்திருப்பது போலத் தோன்றியதாம். பாரிஸில் அதைப் பாடமாக யாரும் படிக்கவில்லை.

புகை கலைந்தது, வயலும் காய்ந்தது

அடுத்து வேதியியல், இரண்டு பக்கமும் அடித்தது.

மஞ்சிட்டி வேரில் சிவப்பைத் தரும் பொருளின் பெயர் அலிசரின். கார்ல் கிரேப, கார்ல் லீபர்மன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1868இல் அதை வேரே இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். மூலப்பொருள் நிலக்கரித் தாரிலிருந்து வருவது. 1869 ஜூன் 25 அன்று பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் சாய நிறுவனத்தின் தரப்பு லண்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அதே கண்டுபிடிப்போடு ஆங்கிலேயர் வில்லியம் பெர்கின் வந்து நின்றது மறுநாள், 26ஆம் தேதி. இரு தரப்பும் பின்னால் சந்தையைப் பங்கு போட்டுச் சமாதானமானார்கள். பங்கே கிடைக்காதவன் வோக்ளூஸ் விவசாயி. மூன்று வருடம் காத்திருந்து தோண்டும் வேரைவிட, பீப்பாயில் வந்து இறங்கும் சாயம் மலிவு, சுத்தம், ஒரே சீர். சில வருடங்களில் மஞ்சிட்டி வயல்கள் காணாமல் போயின. அந்தப் பகுதிக்கு அது போதாத காலம்; பட்டுப்புழுவுக்கு நோய், திராட்சைக் கொடிக்குப் பூச்சி, மஞ்சிட்டிக்குத் தார்.

இந்த அடி நம் கடற்கரையிலும் விழுந்தது. ராமேசுவரம், மன்னார், யாழ்ப்பாணத் தீவுகளின் மணலில் தோண்டிய சாயவேர் மஞ்சிட்டிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதிலிருக்கும் சிவப்பும் அதே அலிசரின். சோழமண்டலச் சிவப்புத் துணியின் ரகசியத்தைத் தெரிந்துகொள்ள 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் சாயக்காரர்களின் தோள் வழியே எட்டிப் பார்த்துக் குறிப்பெடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். அவ்வளவு பாடுபட்டு அறிந்த ரகசியத்தை ஜெர்மன்காரன் பீப்பாயில் அடைத்து விற்றான். தமிழ்நாட்டுச் சாயப்பட்டறைகளிலும் ஜெர்மன் அலிசரின் வந்து உட்கார்ந்தது.

ஆக, பிரெஞ்சுக் கால்சட்டை சிவப்பாக இருப்பதற்குச் சொன்ன ஒரே பொருளாதாரக் காரணம் செத்துவிட்டது. கால்சட்டை? இருந்தது. 1871இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்று அல்சேஸ், லொரைன் பகுதிகளைப் பறிகொடுத்தது. பழிக்குப் பழி என்று சபதம் எடுத்தது. சபதம் எடுத்துக்கொண்டு நின்ற ராணுவத்தின் கால்சட்டைச் சாயம் ஜெர்மனியிலிருந்து வந்தது. எந்தச் சாயத்துக்கு உள்நாட்டு விவசாயியைக் காரணம் காட்டினார்களோ, அதற்கு இப்போது எதிரி நாட்டுத் தொழிற்சாலைக்குப் பணம் போனது.

இரண்டாவது அடியைப் பிரான்ஸ் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டது. 1884இல் போல் வியெல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் புகையில்லாத வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். 1886இல் அதை வைத்து லெபெல் துப்பாக்கி வந்தது. உலகத்தில் முதல் முறை. தூரமும் கூடியது, குறியும் கூடியது, களத்திலிருந்த புகைத்திரையும் விலகியது. எல்லா நாடுகளும் அதைக் காப்பியடித்தன. திரை விலகியதும் மேடையில் யார் நிற்கிறார்கள்? சிவப்புக் கால்சட்டையில் பிரான்ஸ். பளிச்சென்ற நிறத்துக்கு மிச்சமிருந்த ஒரே ராணுவக் காரணத்தையும் பிரெஞ்சு மூளையே கொன்றது. அந்த மூளை இருந்த கட்டடத்துக்கும் உடுப்புக் கிடங்குக்கும் இடையே கடிதப் போக்குவரத்து இல்லை போலும்.

மண்ணைப் பூசிக்கொண்டவர்கள்

இதற்குள் ஆங்கிலேயர்கள் வேறு பாடம் கற்றிருந்தார்கள். அறிவினால் அல்ல, புழுதியினால். 1846இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்ற அதிகாரி கைட்ஸ் என்ற உளவுப் படையைத் திரட்டினார். அந்த மலைப்பக்கம் எல்லாமே மண் நிறம். சிவப்புக் கோட்டில் போனால் உளவு பார்க்க முடியாது, உளவு பார்க்கப்படலாம். ஆகவே துணியை மண் நிறமாக்கினார். 1857 கிளர்ச்சியின்போது கொளுத்தும் வெயிலில் வெள்ளை உடுப்போடு அலைந்த பிரிட்டிஷ் படைகள் கிடைத்ததையெல்லாம் போட்டு ஊறவைத்தன: தேயிலை, காபி, மை, சேறு, மசாலாப் பொடி. ஒரு படைப்பிரிவும் இன்னொன்றும் ஒரே நிறத்தில் வரவில்லை. ஆனால் எல்லாமே வெள்ளையைவிட மேல்.

கலவரம் அடங்கியதும் அதிகாரிகள் காக்கியைக் கழற்றிவிட்டுப் பழைய பகட்டுக்குத் திரும்பினார்கள். சலவைக்கு வெளுக்காத காக்கிச் சாயத்துக்கு 1884இல் காப்புரிமை எடுக்கப்பட்ட பிறகுதான் அது நிலைத்தது. தென் ஆப்பிரிக்காவில் போயர் போர் முடிந்த 1902இல் பிரிட்டனுக்குள்ளேயே போர் உடுப்பு காக்கியாகிவிட்டது. ரஷ்யாவோடு மோதிய ஜப்பான் காக்கிக்குப் போனது. ஜெர்மனி 1907லிருந்து சாம்பல் பச்சைக்கு மாறத் தொடங்கியது. ஆஸ்திரியக் காலாட்படையும் நீலச்சாம்பலுக்கு வந்தது. அவர்களுடைய குதிரைப்படை மட்டும் 1914 வரை சிவப்புச் சராயை விடவில்லை. பிரான்ஸ் தனியாக இல்லை என்று ஆறுதல் சொல்ல ஒரு கூட்டாளி, அதுவும் எதிரணியில்.

சபையில் கால்சட்டை

பிரான்ஸ் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அபாண்டம். ஒத்திகை பார்த்தது. 1903இல் போயர்கள் பாணியில் ஒரு சாம்பல் நீல உடுப்பு. எடுபடவில்லை. 1906இல் இன்னொரு மங்கல் நீலம். எடுபடவில்லை. 1911இல் போர் அமைச்சரான அடால்ஃப் மெஸ்ஸிமி துணிந்து இறங்கினார். சாம்பல் பச்சையில் ஓர் உடுப்பு தைத்து, படைப்பிரிவுகளுக்குப் போட்டுக் காட்டினார்.

பாரிஸ் பொங்கியது. சாணி நிறத்தில் பிரெஞ்சு வீரனா? ஜெர்மன்காரன் மாதிரி இருக்கிறதே? ஒரு பத்திரிகை, நிறத்தை எடுத்தால் பிரெஞ்சு ரசனைக்கும் விரோதம், ராணுவக் கடமைக்கும் விரோதம் என்கிற தொனியில் எழுதியது. முன்னாள் போர் அமைச்சர் யூஜீன் எத்தியென் சபையில் எழுந்து, சிவப்புக் கால்சட்டையை ஒழிப்பதா, சிவப்புக் கால்சட்டைதானே பிரான்ஸ் என்று முழங்கியதாகச் சொல்வார்கள். அதுவரை பிரான்ஸ் என்றால் விக்டர் ஹ்யூகோ, பாஸ்தர், பாலாடைக்கட்டி என்று தப்பாக நினைத்துக்கொண்டிருந்த உலகத்துக்கு அன்றுதான் விஷயம் தெரிந்தது.

இடையில் ஓவியர்களையும் கூப்பிட்டார்கள். போர்க்களக் காட்சிகளைத் தீட்டிப் பேர் வாங்கிய எதுவார் தெத்தாய் 1912இல் புதிய உடுப்புகள் வரைந்து கொடுத்தார். சிப்பாய் ஓவியத்தில் எப்படித் தெரிவான் என்பது அவர் கவலை. சிப்பாய் துப்பாக்கிக் குறிக்குள் எப்படித் தெரிவான் என்று கவலைப்பட வேண்டியவர்கள், உடுப்பைவிடத் துணிச்சல்தான் முக்கியம் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கர்னல் கிராண்மெசோன் போன்றவர்களின் கொள்கை, தயங்காமல் பாய், பாய்ந்துகொண்டே இரு. பாய்கிறவன் எதற்காக ஒளிய வேண்டும்?

கடைசியில் ஒரு சமரசம் பிறந்தது. நீலம், வெள்ளை, சிவப்பு மூன்று நூல்களையும் கலந்து நெய்த ஒரே துணி. கிட்டத்தில் பார்த்தால் தேசியக் கொடி, தூரத்தில் பார்த்தால் மங்கலான ஒரு நிறம். தேசபக்தியும் திருப்தி, உயிரும் பத்திரம். சட்டம் நிறைவேறிய தேதி 1914 ஜூலை 9. ஜெர்மனி பிரான்ஸ் மீது போர் அறிவித்த தேதி 1914 ஆகஸ்ட் 3. இருபத்தைந்து நாளில் ஒரு ராணுவத்துக்கே தைத்துக் கொடுக்கும் தையல்காரன் பாரிஸிலும் கிடையாது. அதே மெஸ்ஸிமிதான் அப்போது மறுபடியும் போர் அமைச்சர். தான் ஒழிக்க நினைத்த கால்சட்டையோடு படையை வழியனுப்பும் பாக்கியம் அவருக்கே கிடைத்தது.

ஆகஸ்ட் 22

1914 ஆகஸ்ட் 22, பிரெஞ்சு ராணுவ வரலாற்றிலேயே அதிகம் பேர் செத்த நாள். வழக்கமாகச் சொல்லும் கணக்கு 27,000, ஒரே நாளில். பழி முழுவதையும் கால்சட்டை மேல் போட்டுவிடுவது பலருக்கு வசதி. ஆனால் அன்று ரோசிஞோல் என்ற கிராமத்தில் மிக மோசமாகச் சிதைந்தது காலனியக் காலாட்படைப் பிரிவு. அவர்கள் போட்டிருந்தது நீலச்சாம்பல் கால்சட்டை. கொன்றது இயந்திரத் துப்பாக்கி, பீரங்கி, அவற்றுக்கு எதிரே திறந்த வெளியில் வரிசையாகப் பாயச் சொன்ன கொள்கை. சிவப்பு செய்தது எதிரியின் வேலையை எளிதாக்கியதுதான். அந்தக் கொள்கையும் அந்தக் கால்சட்டையும் ஒரே தலைகளிலிருந்து வந்தவை. கிராண்மெசோனும் 1915 பிப்ரவரியில் போர்க்களக் காயத்தால் இறந்தார். தன் பாடத்துக்குத் தானும் கட்டணம் கட்டினார் என்ற மரியாதை அவருக்கு உண்டு.

இலையுதிர்காலத்தில் அவசர ஏற்பாடு. சிவப்புக் கால்சட்டைக்கு மேலே மாட்டிக்கொள்ள நீலப் பருத்தி உறை. எண்பத்தைந்து வருடம் எதை நாட்டின் மானம் என்றார்களோ, அதன்மேல் உறை மாட்டி மறைத்தார்கள். துணி போதாமல் சந்தையில் கிடைத்த கார்டுராய் துணிகளையெல்லாம் வாங்கித் தைத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் பதுங்குகுழிகளில் ஒரே நிறக் கால்சட்டை போட்ட பத்துப் பேரைச் சேர்ந்தாற்போல் பார்ப்பது கஷ்டம்.

ஒருவன் வேண்டாம் என்றான்

இனிச் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றுமில்லை. 60ஆம் காலாட்படைப் பிரிவில் லூசியன் பெர்சோ என்று ஒருவர் இருந்தார். பெசான்சோன் பக்கம், குதிரைக்கு லாடம் அடிக்கும் தொழில். 1915 பிப்ரவரிக் குளிரில் அவர் காலில் மெல்லிய வெள்ளைக் கித்தான் கால்சட்டை. கம்பளிக் கால்சட்டை ஒன்று வேண்டும் என்று கேட்டார். கொடுத்தார்கள்: செத்த ஒருவனிடமிருந்து கழற்றிய, கிழிந்த, ரத்தக்கறை படிந்த சிவப்புக் கால்சட்டை. இதைப் போட மாட்டேன் என்றார். முதலில் எட்டு நாள் சிறை. படைப்பிரிவுக்குப் புதிதாக வந்த லெப்டினன்ட் கர்னல் ஓரூவுக்கு அது போதவில்லை. மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார். 1915 பிப்ரவரி 13 அன்று பெர்சோவைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டது ஜெர்மானியர்கள் அல்ல. தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சிய இரண்டு தோழர்களுக்குக் கடும் உழைப்புத் தண்டனை கிடைத்தது. 1922இல் அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

85 வருடத்தில் சிவப்புக் கால்சட்டையைப் பற்றி ஒரு சாதாரணச் சிப்பாய் சொன்னதாக வரலாறு தேதியோடு பதிவு செய்திருக்கும் கருத்து இது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. அதற்குக் கிடைத்த பதிலும் பதிவில் இருக்கிறது.

எதிரி கொடுத்த நிறம்

ஜூலைச் சட்டத்தின் மூவர்ணத் துணி என்ன ஆயிற்று? நீல நூல் இருந்தது. வெள்ளை நூல் இருந்தது. சிவப்பு நூலுக்கு அலிசரின் வேண்டும். அலிசரின் ஜெர்மனியில். போர் தொடங்கிய பிறகு, உங்களைச் சுடப் போகிறோம், ஒரு பீப்பாய் சாயம் அனுப்புங்கள் என்று கேட்க முடியாது. ஆகவே சிவப்பை விட்டுவிட்டு நெய்தார்கள். வந்தது வெளிர் நீலம். 'அடிவான நீலம்' என்று அதற்கு அழகான பெயர் சூட்டினார்கள். 1915இல் படை அந்த நிறத்துக்கு மாறியது. அமைச்சரால் முடியாதது, ஓவியரால் முடியாதது, அத்தனை ஒத்திகைகளால் முடியாதது. சாயம் தீர்ந்துபோனதால் முடிந்தது.

பிரிட்டனைப் பார்த்து யாரும் பெருமூச்சு விட வேண்டாம். அவர்களும் சாயத்துக்கு ஜெர்மனியைத்தான் நம்பியிருந்தார்கள். காக்கித் துணி பற்றாமல், 1914இல் சேர்ந்த புது ஆட்களுக்குத் தபால் இலாகாவின் கையிருப்பிலிருந்த நீல உடுப்பை மாட்டிவிட்டார்கள். நாட்டைக் காக்கக் கிளம்பியவன் தெருவில் போனால் தபால்காரன் என்று நினைத்தார்கள். செப்டம்பர் 26 அன்று மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கிய இந்தியச் சிப்பாய்களுக்கோ நிறம் சரியாக இருந்தது, துணிதான் தவறு. வெயிலுக்கு நெய்த பருத்திக் காக்கியோடு ஐரோப்பியக் குளிர்காலத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஸ்காட்லாந்துப் படைகள் மடிப்பு மடிப்பான கில்ட் பாவாடையோடு பதுங்குகுழிக்குப் போயின. மடிப்பில் பேன் குடியேறியது, விளிம்பில் உறைந்த சேறு முழங்காலின் பின்பக்கத்தை அறுத்தது.

பிரெஞ்சுச் சிவப்பு நம் பக்கம் ஒரு துண்டு மிச்சமிருக்கிறது. 1914 சிப்பாயின் கெப்பித் தொப்பியும் சிவப்புத்தான். அந்தத் தொப்பியின் வாரிசை இன்றும் புதுச்சேரிக் காவலர் தலையில் பார்க்கலாம். அதே ஊரின் கடற்கரைச் சாலையில், அந்தப் போரில் செத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவுச்சின்னமும் நிற்கிறது.

கால்சட்டையும் முழுசாகச் சாகவில்லை. ஒவ்வொரு ஜூலை 14ஆம் தேதியும் பாரிஸ் அணிவகுப்பில் சான்-சீர் ராணுவக் கல்லூரி மாணவர்கள் சிவப்புக் கால்சட்டையோடு நடக்கிறார்கள். பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. அங்கே யாரும் எதிரே நின்று சுடுவதில்லை. அந்தக் கால்சட்டைக்கு 1829லிருந்தே பொருத்தமான இடம் அது ஒன்றுதான்.